ஏராவுக்கு அடியில் எஞ்சிய நீர்

ஒரு பெரிய கப்பல் தரை தட்டும்போது இடி இடித்ததைப் போன்ற சத்தம் கேட்கும் என்றுதான் கடலுக்குப் போவதற்கு முன் நான் நினைத்திருந்தேன். பாறையில் மோதினால் அப்படித்தான் இருக்கும். ஆற்றின் வண்டல் மேட்டில் ஏறும் கப்பல் சத்தமே போடுவதில்லை. எங்கள் கப்பல் ஏறிய அந்த இரவு 10:40 மணிக்கு, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் என் பக்கத்தில் இருந்த தேநீர்க் கோப்பையில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. யாரோ தோளில் கை வைத்து மெதுவாக முன்னால் தள்ளியதைப் போன்ற உணர்வு இருந்தது. வேகத்தைக் காட்டும் திரையில் எண்கள் 9, 6, 3 என்று இறங்கி 0.0 என்று நின்றன. இயந்திரம் அதே சீரான ஒலியுடன் ஓடிக்கொண்டுதான் இருந்தது; கரையில் தெரிந்த விளக்குகள் மட்டும் நகர்வதை நிறுத்திவிட்டன.

அப்போது நான் அந்தக் கப்பலில் மூன்றாம் அதிகாரி. கப்பல் வழக்கில் தேர்ட் மேட். கப்பலின் பெயரையும் ஆற்றின் பெயரையும் தவிர்க்கிறேன். அன்று என்னுடன் நின்றவர்களில் சிலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அது 225 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் கொண்ட மொத்தச் சரக்குக் கப்பல். ஆற்றுத் துறைமுகம் ஒன்றில் தானியம் ஏற்றிக்கொண்டு, நீரோட்டத்தோடு கடலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தோம். நீருக்குள் அமிழ்ந்திருந்த ஆழம் 10.3 மீட்டர். கடலின் ஓத ஏற்ற இறக்கம் எட்டாத மேல்பகுதி அது. நீர்மட்டத்தை அங்கே மழையும் வெள்ளமும் மட்டுமே தீர்மானிக்கின்றன.

ஆற்றுக் கப்பல் தடம் என்பது வரைபடத்தில் இரண்டு கோடுகளுக்கு நடுவே தெளிவாகத் தெரிகிறது. நீருக்கு அடியில் அப்படி ஒரு கோடு கிடையாது. ஆறு வளையும் இடத்தில் வெளிக்கரையை அரித்துக்கொண்டும் உள்கரையில் மண்ணைச் சேர்த்துக்கொண்டும் இருக்கிறது. வெள்ளம் வடியும் வாரங்களில் இந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும், ஏனெனில் வேகம் குறையும் நீர் தான் சுமந்து வந்த வண்டலை அங்கங்கே இறக்கி வைத்துவிட்டுப் போகிறது. தூர்வாரும் கப்பல்கள் தோண்டுகின்றன, அளவீட்டுப் படகுகள் ஆழத்தைக் குறித்துத் தருகின்றன, அந்த எண்ணைக் கொண்டு கப்பல்கள் அமிழ அனுமதிக்கப்படும் ஆழம் அறிவிக்கப்படுகிறது. ஆனால் அளவெடுத்த படகு கரை திரும்புவதற்குள் ஆறு அடுத்த வேலையைத் தொடங்கியிருக்கும். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்குச் செல்லும் எல்பே ஆற்றுத் தடத்தைப் பல ஆண்டுகள் வழக்குகளுக்குப் பிறகு ஆழப்படுத்தி, 2022 தொடக்கத்தில் பெரிய கப்பல்களுக்கு முழுமையாகத் திறந்துவிட்டார்கள். அதே ஆண்டு முடிவதற்குள் வண்டல் சேர்ந்துபோய், அனுமதித்த ஆழத்தில் ஒரு மீட்டர் வரை குறைக்க வேண்டியதாயிற்று.

எங்கள் அளவுள்ள கப்பல் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக அமிழ்வதற்குச் சுமார் 65 டன் சரக்கு வேண்டும். மறுபுறம் பார்த்தால், சரக்கு உரிமையாளருக்கு ஒவ்வொரு சென்டிமீட்டரும் 65 டன் தானியம். ஆகவே அனுமதித்த ஆழத்தின் கடைசிச் சென்டிமீட்டர் வரை ஏற்றித்தான் அனுப்புவார்கள். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. அப்படித்தான் இந்தத் தொழில் ஓடுகிறது. ஆற்றில் கப்பல் ஓட்டுபவர்கள் மீட்டரை விட்டுவிட்டுச் சென்டிமீட்டரில் கணக்குப் பார்க்கப் பழகுவதும் அதனால்தான்.

அந்தக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத கழிவுகள் பல உண்டு. முதலாவது, மாலுமிகள் ஸ்குவாட் என்று அழைக்கும் விளைவு. ஆழம் குறைந்த நீரில் கப்பல் ஓடும்போது அதன் அடியில் நெருக்கிக்கொண்டு பாயும் நீரின் வேகம் கூடுகிறது, வேகம் கூடும்போது அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைவதால் கப்பல் தான் நின்றபோது இருந்ததைவிடக் கீழே இறங்குகிறது. கப்பல் அதிகாரிகள் பரவலாகப் பயன்படுத்தும் பாரஸ் சூத்திரத்தின்படி, பருத்த வடிவமுள்ள ஒரு சரக்குக் கப்பல் 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிலோமீட்டர், வேகத்தில் போனால், பரந்த ஆழமற்ற நீரில் சுமார் 80 சென்டிமீட்டரும் ஒடுங்கிய தடத்தில் அதைப்போல இரு மடங்கும் இறங்கும். இறக்கம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பாதியாக்கினால் அது கால்பங்காகிவிடும். ஆற்றில் கப்பலுக்கு உள்ள மிகச் சிறந்த மருந்து வேகத்தைக் குறைப்பது என்று சொல்வதன் பொருள் இதுதான். இரண்டாவது, சாய்வு. 32 மீட்டர் அகலமுள்ள கப்பல் வளைவில் திரும்பும்போது ஒரே ஒரு பாகை சாய்ந்தால், தாழும் பக்கம் 28 சென்டிமீட்டர் கீழே போகிறது. மூன்றாவது, நீரின் அடர்த்தி. கடலிலிருந்து ஆற்றுக்குள் நுழையும் கப்பல், 12 மீட்டர் அமிழ்ந்திருந்தால், நன்னீரில் மேலும் 25 முதல் 30 சென்டிமீட்டர் வரை அமிழும். எங்கள் ஆழம் நன்னீரிலேயே அளந்தது என்பதால் இந்தக் கடைசிக் கழிவு எங்களுக்கு இல்லை.

ஸ்குவாட்டைக் குறைத்து மதிப்பிட்டது பெரிய கப்பல்களையும் விட்டுவைக்கவில்லை. 1992 ஆகஸ்ட் 7 அன்று குயின் எலிசபெத் 2 என்ற பயணிகள் கப்பல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் வரைபடத்தில் இல்லாத பாறைகளின்மேல் உரசியது. அந்தப் பகுதியின் ஆழ அளவீடு 1939இல் எடுக்கப்பட்டது. கப்பலோ ஏறத்தாழ 25 நாட் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பழைய எண்ணும் கூடுதலான வேகமும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன. எங்கள் விஷயத்திலும் இந்த இரண்டுமே இருந்தன.

எங்களிடம் இருந்த அளவீட்டுத் தாள் ஏழு வாரம் பழையது. அந்த ஏழு வாரத்தில்தான் வெள்ளம் வடிந்திருந்தது. வளைவு வலப்புறமாகத் திரும்பும் வளைவு. அதற்கு அப்பால் ஒரு கப்பல் மேல்நோக்கி வந்துகொண்டிருந்தது. ஆற்றில் வழிகாட்ட இரண்டு கப்பல்களிலும் ஏறியிருந்த பைலட்டுகள் வானொலியில் பேசி, வழக்கப்படி அவரவர் வலப்பக்கத்தை ஒட்டிக் கடப்பது என்று ஒப்புக்கொண்டார்கள். வலப்பக்கம் எங்களுக்கு உள்கரை. மண் சேரும் கரை.

ஒலியை அனுப்பி ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டரைக் கவனிப்பது என் பொறுப்பு. அந்தப் பகுதியில் ஓடும்போது ஏராவுக்கு, அதாவது கப்பலின் அடிமரத்துக்கு, அடியில் 1.2 மீட்டர் நீர் இருக்க வேண்டும் என்பது நாங்கள் போட்டிருந்த கணக்கு. 1.1 ஆனது. பிறகு 0.9. “ஆழம் 0.9, மிஸ்டர் பைலட்” என்றேன். அவர் திரும்பாமலே நன்றி சொன்னார். 0.7 ஆனதும் அதையும் சொன்னேன், மறுபடியும் நன்றி. அப்போது வேறொன்றையும் கண்டேன். இயந்திரத்தின் சுழற்சியை யாரும் மாற்றவில்லை, ஆனாலும் தரை வேகம் 11 நாட்டிலிருந்து 9.6க்கு இறங்கியிருந்தது, சுக்கான் பிடித்திருந்தவர் ஒரே திசையில் நிற்க வழக்கத்தைவிட அதிகமாகச் சுக்கானைத் திருப்பிக்கொண்டிருந்தார். கப்பல் தன் அடியில் நீர் போதவில்லை என்று சொல்லும் விதங்கள் இவை. பாடமாகப் படித்து, தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். “வேகம் 9.6” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த நிமிடத்தில் நின்றுவிட்டோம்.

பைலட் உடனே முழு வேகத்தில் பின்னுக்கு ஓட்டச் சொன்னார். பக்கத்து அறையிலிருந்து வந்த கேப்டன், “இயந்திரத்தை நிறுத்து” என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்று அவர் எடுத்த எல்லா முடிவுகளிலும் சிறந்தது அதுவே என்று இன்றும் நினைக்கிறேன். அடித்தட்டு கிழிந்திருக்கிறதா என்று தெரியாமல் கப்பலைப் பின்னுக்கு இழுத்தால், ஓட்டையை மூடிக்கொண்டிருக்கும் சேற்றிலிருந்து அதை நாமே விலக்கி ஆழத்தில் கொண்டுபோய் மூழ்க வைக்கலாம். சுழலி கிளப்பும் மண் கப்பலின் நடுப்பகுதியில் போய்ப் படிந்து இன்னொரு மேட்டை உண்டாக்கலாம். இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உள்ளே வரும் துளைகள் அடியில் இருப்பதால், சேறு ஏறி மின்சாரம் உட்பட எல்லாம் நின்றுபோகலாம். இயந்திர அறையில் உடனே அடித்துளையை மூடி, பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும் துளைக்கு மாற்றினார்கள். நங்கூர விளக்குகளோடு ஒன்றின்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு விளக்குகளை ஏற்றினோம். விடிந்ததும் அவற்றின் இடத்தில் மூன்று கருநிறப் பந்துகள் ஏறின. தரை தட்டிய கப்பலுக்கு உலகம் முழுவதும் அதுவே அடையாளம்.

பிறகு அளக்கத் தொடங்கினோம். கப்பலுக்குள் ஒவ்வொரு தொட்டியையும் அளந்தோம், நீர் புகவில்லை. கப்பலைச் சுற்றி இருபது மீட்டருக்கு ஒருமுறை, நூலில் கட்டிய ஈயக்குண்டை இறக்கி ஆற்றை அளந்தோம். இத்தனை மின்னணுக் கருவிகள் இருந்தும் அந்த இரவில் நாங்கள் நம்பியது அந்தக் குண்டையும் நூலையும்தான். முன்புறமான அணியத்தின் வலப்பக்கத்தில் 9.8 மீட்டர் வந்தது. தாளின்படி அங்கே 12.5 இருக்க வேண்டும். இடப்பக்கத்தில் 12க்கு மேல். பின்புறமான அமரத்தின் அடியில் நல்ல ஆழம் இருந்தது. அறுபது மீட்டர் இடப்பக்கமாகப் போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

தரை தட்டிய கப்பலின் எடையில் ஒரு பகுதியை நீர் சுமக்கிறது, மிச்சத்தைத் தரை சுமக்கிறது. கப்பலின் பக்கத்தில் எழுதியிருக்கும் ஆழக்குறிகளைப் படித்தபோது, சராசரியாக 12 சென்டிமீட்டர் மேலேறி நின்றோம். அதாவது ஏறத்தாழ 780 டன் தரையின்மேல் இருந்தது. ஆற்றின் மட்டமோ நாளுக்கு 3 சென்டிமீட்டர் என்று இறங்கிக்கொண்டிருந்தது. நாம் ஒன்றுமே செய்யாமல் நின்றாலும் ஒவ்வொரு நாளும் இன்னொரு 195 டன் தரைக்கு மாறும். இந்தக் கணக்கை முதன்மை அதிகாரி ஒரு பழைய தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டியபோதுதான் எங்கள் நிலைமை எனக்கு முழுமையாக உறைத்தது. அதுவரை நிலையாக நின்றுகொண்டிருப்பதாக எண்ணியிருந்தேன். உண்மையில் மணிக்கு மணி கனத்துக்கொண்டிருந்தோம்.

ஓதம் எட்டும் ஆறுகளில் நிலா உதவிக்கு வரும். 2017 ஆகஸ்ட் 14 அன்று ஆண்ட்வெர்ப்பிலிருந்து கிளம்பிய சிஎஸ்சிஎல் ஜூபிடர் என்ற 366 மீட்டர் கப்பல் ஷெல்ட் ஆற்றில் மணல்மேட்டில் ஏறியது. அன்று மாலையே ஏறிவந்த ஓதத்தில் இழுவைப் படகுகள் அதை விடுவித்துவிட்டன. அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரி 3 அன்று சிஎஸ்சிஎல் இந்தியன் ஓஷன் என்ற 400 மீட்டர் கப்பல், சுக்கான் செயலிழந்ததால் எல்பேயில் தரை தட்டியபோது அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. எரிபொருளை இறக்கி, சுற்றிலும் தூர்வாரி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்துக்காகக் காத்திருந்து, பிப்ரவரி 9 அன்று 12 இழுவைப் படகுகளைக் கொண்டு விடுவித்தார்கள். எந்த ஓதத்தின் உச்சியில் கப்பல் ஏறுகிறதோ, அதைவிடப் பெரிய ஓதம் வரும் வரை காத்திருக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள கொடுமை.

மென்மையான வண்டலில் நின்றது எங்கள் நல்லூழ். மணலும் விசையுள்ள நீரோட்டமும் சேர்ந்த இடத்தில் கதை வேறு. கொல்கத்தாவுக்குச் செல்லும் ஹூக்ளி ஆற்றில், ரூப்நாராயண் வந்து கலக்கும் இடத்துக்கு அருகில் ஜேம்ஸ் அண்ட் மேரி என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. 1694இல் அங்கே அழிந்த ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரி என்ற கப்பலின் பெயர் அந்த மணலுக்கே நிலைத்துவிட்டது. அடிப்பக்கம் மணலில் பிடித்துக்கொள்ள, மேல்பக்கத்தை நீரோட்டம் தள்ள, தட்டிய கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்து மணலுக்குள் போய்விடும் என்பதால் அந்தத் திட்டுக்கு அத்தனை அச்சம் இருந்தது. அந்த ஆற்றின் வண்டலை அடித்துச் செல்லக் கூடுதல் நீர் வேண்டும் என்றுதான் கங்கையின் குறுக்கே ஃபராக்கா தடுப்பணையைக் கட்டி 1975இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு துறைமுகத்தின் அடியில் சில மீட்டர் நீரை வைத்துக்கொள்ள எத்தனை பெரிய வேலை பாருங்கள்.

எங்களுக்கு நிலாவும் இல்லை, மழையும் வரவில்லை. நான்காம் நாள் மிதவைப் பாரந்தூக்கியும் தட்டைப் படகுகளும் வந்துசேர்ந்தன. முன் அறைகளிலிருந்து 1,400 டன் தானியத்தை இறக்கியபின், ஐந்தாம் நாள் பிற்பகலில் இரண்டு இழுவைப் படகுகள் எங்களை அமரப்பக்கமாக இழுத்தன. முதல் அரை மணி நேரம் எதுவும் நகரவில்லை. பிறகு நீர் பழுப்பிலிருந்து கறுப்பாக மாறியது, அடியிலிருந்து நீண்ட முனகல் போல ஓர் அதிர்வு வந்தது, கப்பல் மிதந்தது. எங்களுக்குப் பின்னால் மேலே ஒன்பது கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்திருந்தன.

மீட்புச் செலவு தனிக்கதை. கப்பலையும் சரக்கையும் பொதுவான ஆபத்திலிருந்து காக்க வேண்டுமென்றே செய்யும் செலவை, கப்பல் உரிமையாளரும் சரக்கு உரிமையாளர்கள் அனைவரும் அவரவர் மதிப்புக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பண்டைய ரோட்ஸ் தீவின் வழக்கிலிருந்து ரோமானியச் சட்டத்துக்கு வந்து, இன்று யார்க்-ஆண்ட்வெர்ப் விதிகள் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது அது. யாரால் தவறு நேர்ந்தது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழும்.

அந்தக் கேள்வி எங்களிடம் மூன்று வாரம் கழித்து வந்தது. பிரிட்ஜில் பேசுவதெல்லாம் பயணப் பதிவுக் கருவியில் பதிவாகும். ஓர் அலுவலக அறையில், மேசையின்மேல் வைத்த சிறிய ஒலிபெருக்கியில் என் குரலைக் கேட்க வைத்தார்கள். “ஆழம் 0.9, மிஸ்டர் பைலட்.” “ஆழம் 0.7.” “வேகம் 9.6.” விசாரித்தவர் கடுமையானவர் அல்லர். பதிவை நிறுத்திவிட்டு, “இதைச் சொல்லும்போது அவர் என்ன செய்ய வேண்டும் என்று நினைத்தீர்கள்?” என்று கேட்டார். வேகத்தைக் குறைத்து, கப்பலைத் தடத்தின் நடுப்பக்கம் கொண்டுவர வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். “அதை ஏன் சொல்லவில்லை?” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பைலட் அந்த ஆற்றில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கப்பல் ஓட்டியவர் என்ற விடை மனத்தில் இருந்தது. அதை உரக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது.

சில ஆண்டுகள் கழித்து எவர் ஃபார்வர்ட் பற்றிய விசாரணை அறிக்கை வெளிவந்தபோது அந்த மேசை மறுபடியும் என் முன் வந்து நின்றது. 2022 மார்ச் 13 இரவு, பால்டிமோரிலிருந்து நார்ஃபோக்குக்குக் கிளம்பிய அந்த 334 மீட்டர் சரக்குப்பெட்டகக் கப்பல், செசாபீக் விரிகுடாவின் தோண்டிய தடத்தில் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேராகப் போய்ச் சேற்றில் ஏறியது. தூர்வாரி, 500 பெட்டகங்களை இறக்கி, ஏப்ரல் 17 அன்றுதான் மிதக்கவைத்தார்கள். அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் அறிக்கை, பைலட் தன் கைப்பேசியில் கவனமாக இருந்ததையும், கப்பல் குழுவினர் அவரிடம் தெளிவாக எடுத்துச் சொல்லாததையும் காரணங்களாகக் காட்டியது. அங்கேயும் பிரிட்ஜில் ஒரு மூன்றாம் அதிகாரி இருந்தார். திரும்பும் இடம் தாண்டிப்போவதைக் கண்ட அவர், கப்பல் போய்க்கொண்டிருந்த திசையின் எண்ணை உரக்கச் சொல்லியிருக்கிறார். பைலட் புரிந்துகொள்வார் என்று எண்ணி, எண்ணை மட்டும். அந்த வரியைப் படித்துவிட்டு நான் நெடுநேரம் அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

குறிப்பறிந்து நடப்பதைப் பெருமையாகப் பேசும் மொழியில் வளர்ந்தவன் நான். பெரியவரின் தவறை அவர் முகத்துக்கு நேரே சொல்லாமல், அவரே உணரும்படி குறிப்புக் காட்டுவதைப் பண்பு என்று சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக்கும் சபைக்கும் அது பொருந்தலாம். 2010இல் மணிலாவில் திருத்தப்பட்ட பன்னாட்டு மாலுமிப் பயிற்சி விதிகள், பிரிட்ஜில் இருப்பவர்கள் தங்களுக்குள் தெளிவாகப் பேசவும் ஐயத்தை எழுப்பவும் பயில்வதைக் கட்டாயமாக்கின. அந்தப் பயிற்சிச் சான்றிதழ் என் கோப்பில் இருந்தது. பதிவேட்டில் “கேப்டனின் கட்டளை, பைலட்டின் ஆலோசனை” என்று நாள்தோறும் எழுதியதும் என் கைதான். பைலட் ஏறிய பிறகும் பொறுப்பு கேப்டனிடமே இருக்கிறது என்பதும், பனாமா கால்வாய் போன்ற அரிய விதிவிலக்குகள் தவிர எங்கும் அதுவே விதி என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததற்கும் வாயைத் திறந்ததற்கும் இடையில் எழுபது சென்டிமீட்டர் நீர் இருந்தது, அதுவும் வற்றிப்போயிற்று.

அந்தப் பைலட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் கவனக்குறைவானவர் அல்லர். எதிரே வரும் கப்பலுக்கு இடம் விட்டார், விதிப்படி வலப்பக்கம் பிடித்தார், கையில் கொடுத்த ஏழு வாரப் பழைய தாளை நம்பினார். தவறு அவருடைய வேகத்தில் இருந்தது. அந்த வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பொறுப்பு எங்களிடம் இருந்தது. கரையில் இறங்கும்போது என் கையைக் குலுக்கி, “நீ எண்களைச் சரியாகச் சொன்னாய்” என்றார். வசை கேட்டிருந்தால்கூட அத்தனை வலித்திருக்காது.

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு வேறொரு கப்பலில், வேறொரு பைலட்டோடு, அதே வளைவுக்கு இரவில் வந்தேன். தடத்தின் எல்லையைக் காட்டும் உள்கரையின் மிதவை பழைய இடத்திலிருந்து நன்றாகத் தள்ளி, தடத்தின் நடுப்பக்கமாக நின்றுகொண்டிருந்தது. மேடு வளர்ந்ததை அளந்து மாற்றியிருந்தார்கள். எக்கோ சவுண்டர் 1.3 காட்டியது, பிறகு 1.0, பிறகு 0.8. “மிஸ்டர் பைலட், ஏராவுக்கு அடியில் 0.8 மீட்டர்தான் இருக்கிறது, குறைந்துகொண்டே வருகிறது. வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்” என்றேன். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கேப்டனைப் பார்த்தார். கேப்டன் தலையசைத்தார். “டெட் ஸ்லோ அஹெட்” என்று, மிகக் குறைந்த வேகத்துக்கான குரல் வந்தது. நான் இயந்திரக் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்துவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீண்ட நேரம் 0.8 என்றே இருந்தது. பிறகு 0.9. பிறகு 1.1.